முதல் எண்ணிக்கையில் முன்னுக்கு நின்றவர் கடைசியில் எப்படித் தோற்கிறார்? ஒக்லண்ட் மேயர் தேர்தல் பற்றி ஒரு கேள்வி

கல்லடித் தம்பி

தேர்தல் விசயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் நல்லது. எங்கள் பெரியம்மாவின் மகள் கலிபோர்னியாவில் ஒக்லண்ட் நகரத்தில் இருக்கிறார். கொஞ்ச நாளாகக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவருக்கும் மாமாவுக்கும் ஒரே சண்டை. 2022 நவம்பரில் அங்கே நடந்த மேயர் தேர்தலில் பத்துப் பேர் போட்டி போட்டிருக்கிறார்கள். முதல் எண்ணிக்கையில் லோரன் டெய்லர் என்பவர் 33 வீதம், ஷெங் தாவோ என்ற பெண் 32 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் ஊர்க் கணக்குப்படி டெய்லர்தானே மேயர்? ஆனால் எல்லாம் எண்ணி முடிய தாவோ 677 வாக்கால் வென்றுவிட்டார். நாலு லட்சத்துக்கு மேல் சனம் இருக்கிற நகரம், 677 வாக்கு!

மாமா பல தேர்தலில் கட்சி முகவராக எண்ணும் நிலையத்தில் இருந்தவர். முன்னுக்கு நின்றவரைப் பின்னுக்குத் தள்ளினால் அது கள்ளவேலை, அமெரிக்கா என்றால் என்ன ஆப்கானிஸ்தான் என்றால் என்ன என்று அடித்துச் சொல்கிறார். அக்காவோ அதுதான் சரியான முறை, மட்டக்களப்பு மேயரையும் அப்படித் தெரிவு செய்தால் இந்தப் பேரம் பேசுகிற கூத்தெல்லாம் இருக்காது என்கிறார். இடையில் நின்று சமாதானம் பேசப் போனால் இரண்டு பக்கமும் எனக்குத்தான் விழுகிறது. தாவோவை 2024இல் சனமே வாக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்றும் கேள்வி. அப்படியென்றால் மாமா சொல்வதில் ஏதும் இருக்கிறதா?

வாவிக்கரை வாசகன்

தம்பி, முதலில் ஒன்று. இந்த முறை உங்கள் மாமாவுக்குத் தெரியாத முறை இல்லை. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் அவர் கையில் வாங்கிய வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்குப் போட இடம் இருந்தது. யாரும் பாதியைத் தாண்டவில்லை, அநுர 42 வீதம், சஜித் 33 வீதத்துக்குக் கொஞ்சம் கீழே, அதனால் இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பு வாக்கை எண்ணினார்கள். அன்று யாரும் அதைக் கள்ளவேலை என்று சொல்லவில்லை, ஏனென்றால் முன்னுக்கு நின்றவரே வென்றார். அந்த எண்ணிக்கையில் சஜித்துக்குத்தான் கூடுதலாகப் போனது, 167,867. அநுரவுக்கு 105,264. முதலிலிருந்த இடைவெளி பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் இது எங்கேயும் எட்டவில்லை. இடைவெளி ஐம்பதாயிரமாக இருந்திருந்தால்? முதலாவதாக நின்றவர் தோற்றிருப்பார், அதுவும் முழுக்கச் சட்டப்படி.

ஒக்லண்டில் நடந்தது இதற்குப் பெரியப்பா முறை. நாங்கள் முதல் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் ஒரேயடியாக வெட்டிவிடுகிறோம். அவர்கள் கடைசியாக வந்த ஒருவரை மட்டும் வெட்டி, அவருடைய சீட்டுகளை எடுத்து, அதில் அடுத்ததாக யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்து அவரவர் கணக்கில் சேர்த்து, பிறகு மறுபடியும் கடைசியில் இருப்பவரை வெட்டி, இப்படி இரண்டு பேர் மிஞ்சும் வரை போகிறார்கள். 2022இல் ஒரு வாக்காளர் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். முடிவு தாவோ 57,206, டெய்லர் 56,529. வீதத்தில் 50.3, 49.7.

டெய்லரின் 33 வீதத்தைப் பார்க்கும்போது அவரை முதலாவதாக எழுதாத 67 வீதத்தையும் பார்க்க வேண்டும். அந்தச் சனத்துக்கு மிஞ்சிய இரண்டு பேரில் யார் பரவாயில்லை என்றுதான் கேட்டிருக்கிறார்கள், தாவோ என்று சொல்ல ஒரு சின்னக் கூட்டம் கூடுதலாக இருந்திருக்கிறது.

ஒக்லண்டுக்கு இது முதல் தடவையும் இல்லை. 2010இல் டொன் பெராட்டா, மாநில செனட்டின் தலைவராக இருந்த பெரிய புள்ளி, காசும் பெயரும் இருந்தவர், முதல் எண்ணிக்கையில் ஒன்பது வீதம் முன்னுக்கு. ஜீன் குவான் என்ற நகரசபை உறுப்பினர் இரண்டாவது. குவான் செய்த வேலை என்னவென்றால், மற்ற வேட்பாளர்களின் ஆதரவாளர்களிடமே போய், உங்கள் ஆளுக்கு ஒன்று போடுங்கள், இரண்டாவதை எனக்குத் தாருங்கள் என்று கேட்டது. பெராட்டா அந்த இரண்டாவது வாக்கைப் பெரிதாக எடுக்கவில்லை. பத்துச் சுற்று எண்ணி முடிய குவான் ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்கால் மேயர். பெராட்டா ஆட்கள் அன்றைக்கும் உங்கள் மாமா மாதிரித்தான் கத்தினார்கள்.

2024இல் தாவோவைத் திருப்பி அழைத்தது வேறு விசயம். கலிபோர்னியாவில் மேயர் பிடிக்கவில்லை என்றால் குறிப்பிட்ட தொகைக் கையெழுத்துச் சேர்த்து இடையிலேயே வாக்கெடுப்பு வைக்கலாம். அதன் பிறகு 2025 ஏப்ரலில் நடந்த விசேட தேர்தலில் அதே டெய்லர் மறுபடி நின்றார், பல வருடம் காங்கிரசில் இருந்த பார்பரா லீயிடம் மறுபடி தோற்றார். பாவம் மனிசன்.

களுவாஞ்சிக்குடிக்காரி

நான் இப்போது சியாட்டில் பக்கம். ஒக்லண்ட் கதையோடு எங்கள் கதையையும் சேர்த்துக் குழப்பிவிடாதீர்கள் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேயும் 2025 நவம்பரில் முன்னுக்கு நின்றவர் தோற்றார், ஆனால் காரணம் முழுக்க வேறு.

இங்கே கடைசித் தேர்தலில் இரண்டே இரண்டு பேர்தான், ஓகஸ்டில் ஒரு முதல்கட்டத் தேர்தல் வைத்து மற்றவர்களைக் கழித்துவிடுவார்கள். அப்போதைய மேயர் புரூஸ் ஹாரல் ஒரு பக்கம், பஸ் பயணிகள் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்த கேட்டி வில்சன் மறுபக்கம். ஒன்று, இரண்டு என்று போடுகிற கதையே இல்லை. தேர்தல் நாள் இரவு ஹாரல் ஏழு வீதப் புள்ளி அளவில் முன்னுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் அன்றைக்கே வாழ்த்துப் பதிவும் போட்டுவிட்டது!

பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் புதிய எண்ணிக்கை வரும். வர வர ஹாரலின் முன்னணி தேய்ந்துகொண்டே போனது. இங்கே எல்லாருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வருகிறது, நிரப்பி, உறைக்கு மேல் கையெழுத்து வைத்து, தபாலிலோ தெருவோரம் வைத்திருக்கிற பெட்டியிலோ போட வேண்டும். தேர்தல் நாளன்று தபால் முத்திரை விழுந்திருந்தால் போதும், சீட்டு மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தாலும் எண்ணுவார்கள். வயதானவர்கள், வீடு வாசல் உள்ளவர்கள் சீட்டு வந்த உடனே நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். வாடகை வீட்டில் இருக்கிற இளசுகள் கடைசி நாள் பின்னேரம்தான் பெட்டியைத் தேடி ஓடுகிறார்கள். அதனால் முதல் நாள் எண்ணுவது ஒரு மாதிரிச் சனத்தின் வாக்கு, பிறகு எண்ணுவது இன்னொரு மாதிரிச் சனத்தின் வாக்கு. ஒரு கிழமைக்குப் பிறகு வில்சன் சுமார் இரண்டாயிரம் வாக்கால் வென்றார், ஹாரலும் தோல்வியை ஒத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறு. அரச உத்தியோகத்தரின் தபால் வாக்கை முதலில் எண்ணி அறிவிப்பார்கள், அதை வைத்தே ஆரையம்பதியில் ஒருவன் வெடி கொளுத்துவான். மாமா அதைப் பல தடவை பார்த்திருப்பார். எண்ணுகிற வரிசையில் முன்னுக்கு வருவது ஒரு தகவல், அவ்வளவுதான்.

கையெழுத்து விசயத்தில் மட்டும் எனக்குக் குறை இருக்கிறது. உறையில் வைத்த கையெழுத்து பதிவில் உள்ளதோடு பொருந்தவில்லை என்றால் சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஆளுக்கு அறிவிப்பார்கள், அவர் பதில் போட்டுச் சரி செய்யாவிட்டால் அந்த வாக்கு போச்சு. தமிழில் ஒரு கையெழுத்து, ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து என்று வைக்கிற எங்கள் சனத்துக்கு இது வில்லங்கம்.

சாய்ந்தமருது காக்கா

எல்லாரும் சேர்ந்து தம்பியின் மாமாவை முட்டாளாக்கப் பார்க்கிறீர்கள். நான் அவர் பக்கம் கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

அவர் கேட்கிற கேள்வி கள்ளவேலையா இல்லையா என்பது இல்லை, அதை என் கண்ணால் பார்க்க முடியுமா என்பதுதான். எங்கள் எண்ணும் நிலையத்தில் முகவர் மேசைக்கு முன்னால் நிற்கிறார், சீட்டை விரித்துக் காட்டுகிறார்கள், புள்ளடி எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்கிறார், சந்தேகம் என்றால் அந்த இடத்திலேயே சண்டை பிடிக்கிறார். ஒக்லண்டில் அந்தச் சுற்றுகளை எல்லாம் ஓட்டுவது கணினி. அது சரியாக ஓடும் என்று நம்ப வேண்டும்.

சரியாக ஓடியதா? அதே 2022 நவம்பர், அதே ஒக்லண்ட், மேயரோடு சேர்த்துப் பாடசாலைச் சபைக்கும் தேர்தல் நடந்தது. நாலாம் வட்டாரத்தில் நிக் ரெஸ்னிக் வென்றார் என்று அறிவித்து, சான்றிதழும் கொடுத்து, பிறகு டிசம்பர் கடைசியில் ஐயோ மன்னிக்கவும், வென்றது மைக் ஹச்சின்சன் என்கிறார்கள்! முதலாவது இடத்தை வெறுமையாக விட்டு இரண்டாவதிலிருந்து நிரப்பிய சீட்டுகளை என்ன செய்வது என்று மென்பொருளில் பிழையான அமைப்பைப் போட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்ததும் தேர்தல் அலுவலகம் இல்லை, பகிரங்கமாக வெளியிட்ட பதிவுகளை வெளியார் ஒரு குழு தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொன்னது. பிறகு நீதிமன்றம் போய்த் தீர்ந்தது. மேயர் முடிவு அதனால் மாறவில்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 677 வாக்கு இடைவெளியில் தோற்ற ஒருவரின் ஆதரவாளன் இதைக் கேட்டால் இரவு நித்திரை கொள்வானா?

நியூயோர்க்கில் 2021 யூனில் இதைவிடக் கூத்து. ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளரைத் தெரிவு செய்கிற தேர்தலில் முதன்முதலாக இந்த வரிசை முறை. இடைக்கால முடிவு என்று ஒன்றை வெளியிட்டுவிட்டு அன்றிரவே திரும்ப எடுத்தார்கள், ஏனென்றால் ஒத்திகைக்கு வைத்திருந்த 135,000 போலிச் சீட்டுகளை அழிக்காமல் அதோடு சேர்த்து எண்ணிவிட்டார்களாம். கடைசியில் எரிக் அடம்ஸ் 7,197 வாக்கால் கத்ரின் கார்சியாவை வென்றார். அந்தக் கடைசிச் சுற்றுக்கு வந்து சேராத சீட்டுகள், அதாவது எழுதிய பெயர்கள் எல்லாம் வெட்டுப்பட்டு இனிப் போக இடமில்லாமல் நின்ற சீட்டுகள், ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். வென்ற வித்தியாசத்தைப் போல இருபது மடங்கு. அடம்ஸ் பெரும்பான்மை எடுத்தார் என்று சொல்லும்போது அந்தச் சனத்தைக் கணக்கில் விட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள். வாவிக்கரை அண்ணன் இதைச் சொல்லாமல் தாண்டிவிட்டார்.

பென்சன் மாஸ்டர்

காக்கா சொன்னதில் பாதிக்கு நான் உடன்பாடு. நான் படிப்பித்த காலத்தில் தேர்தல் கடமைக்குப் போய் மட்டக்களப்பு இந்துக் கல்லூரியில் விடிய விடிய எண்ணியவன், அதனால் சீட்டைக் கண்ணால் பார்க்கிறது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்.

ஆனால் கணினி இல்லாமல் இந்த முறையைச் செய்யவே முடியாது என்று நினைக்காதீர்கள். 2024இல் நாடு முழுக்க இரண்டாவது விருப்பை எண்ணியது கையால்தான். ஒரு மாநகரசபை அளவுக்கு என்றால் ஒரே மண்டபத்தில், முகவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கட்டுக்கட்டாகப் பிரித்துச் செய்யலாம். நேரம் எடுக்கும், தேநீர் கூடச் செலவாகும்.

எனக்குப் பயம் எண்ணுகிறவர் பக்கம் இல்லை, போடுகிறவர் பக்கம். 2024 கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அநுர, சஜித் இருவரையும் தவிர்த்து மற்றவர்களுக்கு விழுந்த செல்லுபடியான வாக்கு 33 லட்சத்துக்கு மேல். அவற்றில் அந்த இருவரில் ஒருவருக்கு மேலதிக விருப்பு எழுதியிருந்தது 273,131 சீட்டில் மட்டும். நூற்றுக்கு எட்டு! மிச்ச 92 பேரும் ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள், அல்லது அடுத்த விருப்பையும் தோற்றவர்களுக்கே போட்டார்கள். எங்கள் மட்டக்களப்பைச் சேர்ந்த அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்று 226,343 வாக்கு எடுத்தார், அவருக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவதை யோசித்தார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். இவ்வளவு காலமும் ஒரு புள்ளடி போட்டுப் பழகிய கை.

சீட்டில் எப்படி எழுதுவது என்பது ஒரு மேயரையே மாற்றும் என்பதற்கு அமெரிக்காவிலேயே கதை இருக்கிறது. சான் டியேகோ, 2004. டொனா ஃபிரை என்ற நகரசபை உறுப்பினர் கடைசி நேரத்தில் இறங்கினார், சீட்டில் அவருடைய பெயர் அச்சடிக்கப்படவில்லை, ஆதரவாளர்கள் பெயரைக் கையால் எழுதி, பக்கத்தில் இருக்கிற சின்ன வட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சனம் பெயரை ஒழுங்காக எழுதிவிட்டு வட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டது. அப்போதைய மேயர் டிக் மேர்ஃபி 2,108 வாக்கால் வென்றார். அந்த வட்டம் நிரப்பாத சீட்டுகளைச் சேர்த்தால் ஃபிரைதான் வெற்றி. நீதிமன்றம் போனார்கள், சட்டத்தில் வட்டத்தை நிரப்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது, சேர்க்க முடியாது என்று தீர்ப்பு. மேர்ஃபி அடுத்த வருடமே பதவியை விட்டு விலகினார். ஆள் யாரை விரும்பினார் என்று எழுத்தில் தெரிகிறது, ஆனாலும் வாக்கு இல்லை! நான் எண்ணுகிற மேசையில் இருந்திருந்தால் மனம் கேட்டிருக்காது, ஆனால் அதே தீர்ப்பைத்தான் எழுதியிருப்பேன்.

கல்லடித் தம்பி

எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் குழுவில் போட்டேன், மாமா சியாட்டில் கதையை ஏற்றுக்கொண்டார், தபால் விசயம் அவருக்கு விளங்கும். ஒக்லண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நீல நிறச் சரி அடையாளம் மட்டும் விழுந்திருக்கிறது. அக்காவின் மற்றக் கேள்வி மிச்சம் இருக்கிறது. எங்கள் மேயரை இப்படித் தெரிவு செய்யலாமா?

வாவிக்கரை வாசகன்

இப்போதுள்ள சட்டத்தில் முடியாது. நாங்கள் மேயருக்கு வாக்குப் போடுவதே இல்லை, வட்டாரத்தில் கட்சிக்குப் போடுகிறோம். அறுபது வீத உறுப்பினர் வட்டாரத்திலிருந்து, நாற்பது வீதம் விகிதாசாரத்தில். ஒரு கட்சி பாதிக்கு மேல் ஆசனம் எடுத்தால் அது சொல்கிற ஆள் மேயர். எடுக்காவிட்டால் சபை கூடி வாக்கெடுக்கும், சமனாக வந்தால் குலுக்கல். யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் பாதீடு இரண்டு தடவை தோற்று இருந்த மேயரின் பதவி போய், பிறகு சபையில் 21க்கு 20 என்று ஒரு வாக்கால் மணிவண்ணன் வந்தார். ஒக்லண்டின் 677ஐப் பார்த்து வாயைப் பிளக்கிறோம், எங்களுக்கு ஒன்றே போதும். கல்முனையில் 2011இல், பழைய முறையில், கட்சிப் பட்டியலுக்குள் விருப்பு வாக்கு கூட எடுத்தவரை மேயராக்கிவிட்டு 2013இல் கட்சி உடன்பாடு என்று இன்னொருவருக்கு மாற்றியதும் காக்காவுக்கு ஞாபகம் இருக்கும். இதில் சனத்திடம் யார் கேட்டது?

நேரடித் தெரிவு வந்தால், அதுவும் வரிசை முறையில் வந்தால், எனக்குப் பிடித்த விசயம் குவான் செய்த அந்த வேலைதான். கல்முனை மாதிரித் தமிழரும் முஸ்லிமும் கலந்து இருக்கிற ஊரில் ஒரு முஸ்லிம் வேட்பாளர் பாண்டிருப்புக்கு வந்து, உங்கள் முதலாவதை உங்கள் ஆளுக்கே போடுங்கள், இரண்டாவது எனக்கு என்று கேட்க வேண்டி வரும். தமிழ் வேட்பாளர் மருதமுனைக்குப் போக வேண்டி வரும். இப்போது யாருக்கும் அந்தத் தேவை இல்லை, தன் பக்கத்தைச் சூடாக்கினால் போதும்.

சாய்ந்தமருது காக்கா

2011 நல்லா ஞாபகம் இருக்கிறது, அதைக் கிளறாதீர்கள். இரண்டாவது வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறவருக்கு நான் பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பேன், சந்தோசம்தான். ஆனால் கட்சிக்காரன் பின்னால் வந்து, ஒன்றை மட்டும் போடு, இரண்டைப் போட்டால் நம்ம ஆளுக்குப் பாதகம் என்று சொல்லிவிட்டுப் போவான். அது கணக்குப்படி பொய். நம்ம ஆள் வெட்டுப்பட்ட பிறகுதானே இரண்டாவதைத் திறக்கிறார்கள்? இருந்தாலும் சனம் நம்பும். மாஸ்டர் சொன்ன நூற்றுக்கு எட்டு அப்படித்தான் வருகிறது. வீட்டுக்கு விளக்கம் அனுப்பியும் நியூயோர்க்கில் அவ்வளவு சீட்டு இடையில் நின்றது.

பென்சன் மாஸ்டர்

காக்கா, அந்தப் பொய்யை உடைக்க ஒரு வழி மாணவர் தலைவர் தேர்தலில் இருந்து தொடங்குவது. எங்கள் வலயத்தில் இரண்டு பாடசாலை அதிபர்களிடம் பேசியிருக்கிறேன், அடுத்த தவணையில் புள்ளடிக்குப் பதிலாக 1, 2, 3 போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். எண்ணுவதைக் கரும்பலகையில் சுற்றுச் சுற்றாக எழுதுவோம், பெற்றோரும் வந்து பார்க்கலாம். தம்பி, உங்கள் மாமாவை முகவராக அனுப்புங்கள், அவர் கத்தினால்தான் பிள்ளைகள் கவனமாக எண்ணும்.